மாதம்மாள் போட்ட பன்னிரண்டாவது செக்கு

மாரண்டஹள்ளியைத் தாண்டி ராயக்கோட்டை ரோட்டை ஒட்டி நாற்பது வீடுகள் கொண்ட ஒரு சிற்றூர். அங்கே தர்மன் என்றொருவன் கரி மூட்டம் போட்டுப் பிழைத்துவந்தான். வெட்டிய விறகை வட்டமாக அடுக்கி, தழை போட்டு மூடி, மேலே ஈரமண் பூசி, உள்ளே நெருப்பு வைத்து, ஏழெட்டு நாள் பக்கத்திலேயே கிடந்து கரியாக்க வேண்டும். காற்று கொஞ்சம் அதிகமாக உள்ளே போனாலும் எல்லாம் சாம்பல். அந்த வேலையில் தர்மனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஆனால் அவனுக்குத் திக்குவாய். வியாபாரி ஒரு விலை சொல்வான். இவன் 'கட்டாது' என்று சொல்ல வாயெடுத்து, அந்த முதல் எழுத்து வெளியே வருவதற்குள் மூட்டை வண்டியில் ஏறிவிடும்.

கல்யாணமாகி வந்த மறு வருஷமே மாதம்மாள் இதைக் கண்டுகொண்டாள். ஒரு நாள் வியாபாரி வந்து நின்றபோது, சோற்றுக் கையோடு வெளியே வந்து, "அவருகிட்ட பேசாதீங்க. வேக வெக்கறது அவரு, விலை பேசறது நானு" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. தர்மனுக்கு அதில் ஒரு குறைவும் தோன்றவில்லை. தலையில் இருந்த சுமையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தான்.

அதுவரை அவர்கள் கரி கொல்லுப்பட்டறைக்கும் பாலக்கோட்டுக் காப்பிக்கடைகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. வருஷத்துக்கு நாலு மூட்டம் போட்டால் அதிகம். பிறகு உலகச் சண்டை வந்தது. மொரப்பூரிலிருந்து ஓசூர் போகும் சின்ன ரயிலை நிறுத்தி, தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் பீப்பாய் போல ஒரு அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு, அந்தப் புகையில் பஸ்ஸை ஓட்டத் தொடங்கினார்கள். நாட்டில் ஓடிய பஸ்ஸெல்லாம் கரி கேட்டது. தர்மன் போடுகிற கரி கையில் எடுத்துத் தட்டினால் கணீரென்று சத்தம் கொடுக்கும், தூசி இருக்காது. சேலத்து பஸ் கம்பெனி ஒன்று மாதம் ஒரு லாரி எடுத்துக்கொள்வதாகப் பேசியது.

வேலை பெருகியது. விறகு வெட்டவும் அடுக்கவும் வத்தல்மலையிலிருந்து செல்லியும் அவள் புருஷன் குள்ளனும் இன்னும் ஆறு பேரும் இறங்கி வந்து, மூட்டத்துக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டுத் தங்கினார்கள்.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாதம், லாரியோடு வந்த கம்பெனி ஆள் ரூபாய் நோட்டுக்குப் பதிலாக ஒரு காகிதத்தை நீட்டினான்.

"இன்னா இது?"

"செக்கும்மா. முன்னூத்தி நாப்பது ரூபா. தர்மபுரியில பாங்கு இருக்குது, அங்க குடுங்க, பணம் குடுப்பாங்க. இனிமே மொதலாளி எல்லாருக்கும் இப்படித்தான் குடுக்கறாரு."

மாதம்மாள் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். நூற்றுப் பதின்மூன்று மூட்டை கரி இத்தனை லேசாகிவிட்டதே என்றிருந்தது. மறுநாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு தர்மபுரி பஸ்ஸில் ஏறினாள். அவள் விற்ற கரியில் ஓடுகிற பஸ்தான் அது. ஆனாலும் பாலக்கோட்டுக்கு முன்னால் இருக்கும் மேட்டில் திணறி நின்றுவிட்டது. கண்டக்டர் நஞ்சப்பன், "எறங்குங்க, எறங்குங்க, தள்ளணும்" என்று எல்லாரையும் இறக்கிவிட்டான். "ஏனக்கா, உங்க கரியில தெம்பு இல்லியா?" என்று அவளைக் கேலி வேறு செய்தான். "அடுப்பை ஒழுங்கா கிண்டத் தெரியாத ஆளுக்கு எந்தக் கரி போட்டா என்னா?" என்று சொல்லிக்கொண்டே அவளும் தள்ளினாள்.

பாங்கு கடைவீதியில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஒரு ஏஜெண்டு, ஒரு குமாஸ்தா, ஒரு சேவகன், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பாங்கு மானேஜரை ஏஜெண்டு என்பார்கள். அவர் பெயர் அனந்தராவ். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். நெற்றியில் மாத்வர்கள் இடும் மெல்லிய கரிக்கோடு, மூக்கின் நுனியில் கண்ணாடி. எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, "உக்காருங்கம்மா" என்றார். இந்த மாதிரி இடங்களில் அவளை யாரும் 'உக்காருங்க' என்று சொன்னதில்லை. அவள் உட்காரவில்லை. ஆனால் அவர் சொன்னதை மட்டும் மறக்கவில்லை.

செக்கை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்ல செக்குதான். உங்க பேர்ல ஒரு கணக்கு தொறக்கணும். இதைச் சேலத்துக்கு அனுப்பணும். அங்கருந்து பணம் வந்ததும் நீங்க எடுத்துக்கலாம்."

"எப்ப வரும் சாமி?"

"பத்து நாள். தபால் இப்ப சரியில்லை, பன்னெண்டும் ஆகலாம்."

மாதம்மாளுக்கு முகம் கறுத்துவிட்டது. "எட்டுப் பேருக்கு நாளைக்குக் கூலி குடுக்கணும் சாமி. அப்பறம் எதுக்கு இந்தக் காயிதம்? கம்பெனிக்காரன் இதைக் குடுத்தா பணம் குடுப்பாங்கன்னுதானே சொன்னான்?"

அனந்தராவ் பேனாவைக் கீழே வைத்தார். "கேளுங்க. இது பணம் இல்லை. உங்களுக்குப் பணம் குடுன்னு சேலத்து பாங்குக்கு அந்த மொதலாளி எழுதின கடுதாசி. அவர் கணக்குல பணம் இருக்கா இல்லையான்னு எனக்கு இங்க உக்காந்துகிட்டு தெரியாது. அந்த பாங்கு 'சரி, குடுத்தோம்'னு சொல்ற வரைக்கும் இது வெறும் கடுதாசிதான். இன்னிக்கே நான் குடுத்துட்டேன்னு வெச்சுக்கோங்க. நாளைக்கு அங்க பணம் இல்லைன்னு திரும்பி வந்தா, நான் உங்ககிட்டதான் வந்து நிக்கணும். நீங்க கூலி குடுத்து முடிச்சிருப்பீங்க. எங்கருந்து திருப்பிக் குடுப்பீங்க?"

கணக்குத் திறக்கவும் ஒரு சிக்கல் இருந்தது. ஏற்கெனவே அங்கே கணக்கு வைத்திருக்கும் ஒருவர், 'இந்த அம்மாளை எனக்குத் தெரியும்' என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். தர்மபுரியில் அவளுக்கு யாரைத் தெரியும்? கீழே இறங்கி வந்து படியிலேயே நின்றாள். துணிக்கடையில் இருந்த ஒருவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அந்தச் செக்கை எங்கிட்ட குடும்மா, இப்பவே முன்னூறு தர்றன்" என்றார். நாற்பது ரூபாய் போனாலும் கையில் பணம். அவள் மனம் அந்தப் பக்கம் சாய்ந்தது.

அந்த நேரத்தில்தான் பாலக்கோட்டு ஆஸ்பத்திரி நர்சு சாலம்மாள், தன் சம்பளத்தில் கொஞ்சம் போட்டு வைக்க அங்கே வந்தாள். மாதம்மாளின் ரெண்டாவது பிரசவத்தில் பிள்ளை கால் முன்னே வந்து சிக்கியபோது, மாட்டுவண்டி ஏறி வந்து தாயையும் பிள்ளையையும் காப்பாற்றியவள் அவள். விவரம் கேட்டதும் மாதம்மாளின் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போனாள்.

"இந்தம்மாவ எனக்குத் தெரியுங்க. எங்க போடணும் கையெழுத்து?"

"நல்லாத் தெரியுமா?" என்று அனந்தராவ் கேட்டார். அது பாங்கு கேட்க வேண்டிய கேள்வி.

"அவங்க மகன நான்தாங்க இந்த ஒலகத்துக்கு எடுத்தேன். அதுக்கு மேல என்னா தெரியணும்?"

குமாஸ்தா சிரித்துவிட்டார். அனந்தராவ் சிரிக்காமல் கையெழுத்து போடும் இடத்தைக் காட்டினார். மாதம்மாள் கட்டை விரலை மையில் ஒற்றி வைத்தாள். செக்கு சேலத்துக்குப் போனது.

ஊருக்குத் திரும்பும்போது பஸ்ஸில் அவளுக்கு ஒரே யோசனை. எட்டுப் பேரையும் உட்கார வைத்து என்ன சொல்வது? எதையாவது மூடி மறைக்கலாமா என்றுகூட நினைத்தாள். கடைசியில் உள்ளதை உள்ளபடியே சொன்னாள். பணம் வர பன்னிரண்டு நாள் ஆகும், இருக்க முடியாதவர்கள் மலைக்குப் போய்விட்டு வரலாம், கூலி எங்கேயும் போகாது என்றாள்.

நாட்டில் ராகிக்கே பஞ்சமாக இருந்த வருஷம் அது. செல்லி எழுந்து, இடுப்புச் சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு சொன்னாள்: "பணத்தை யாரு திங்கப்போறா அக்கா? எங்க வூட்ல சாமை கெடக்குது. நானும் இவரும் போய் எடுத்தாறோம். நீ உப்பு, மொளகா மட்டும் குடு. செஞ்ச வேலை செஞ்சதுதான், அது எங்க போவும்?"

சொன்னபடியே மலையேறிப் போய், மூன்றாம் நாள் தலைச்சுமையாக இரண்டு மூட்டை சாமை கொண்டுவந்தார்கள். மாதம்மாள் வீட்டிலும் அதே சாமைச்சோறுதான் வெந்தது. அந்தப் பன்னிரண்டு நாளில் ஒருவர்கூட வேலையை விட்டுப் போகவில்லை. அடுத்த மூட்டம் மண் பூசி முடிந்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் போனால் பணம் வரவில்லை. பதினைந்தாம் நாள் அவள் மாடிப்படி ஏறும்போதே அனந்தராவ், "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று குரல் கொடுத்தார். அன்று அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஊருக்கு வந்து கூலியைக் கொடுத்தாள். சாமைக்கும் விலை போட்டு, அதற்குமேல் செல்லிக்கு ஒரு சேலையும் வாங்கிக் கொடுத்தாள். "அன்னிக்கு நீ மொகத்தைத் திருப்பியிருந்தா இந்தத் தொழிலே நின்னுருக்கும்டி" என்று சொன்னாள். செல்லியோ சேலையின் கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு செக்கு வந்தது. ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஆறு செக்கு ஆனதும் அனந்தராவ் தாமாகவே ஹெட் ஆபீசுக்கு எழுதி, சேலத்து பஸ் கம்பெனி செக்குக்கு மட்டும் பாதிப் பணத்தை அன்றைக்கே கொடுக்க அனுமதி வாங்கினார். மீதி, செக்கு பாஸான பிறகு. "இது சட்டத்துல இல்லாத சலுகை. கையெழுத்து போட்டிருக்கறது நான். எம் பேரைக் காப்பாத்துங்க" என்றார். கூலிக்கு அந்தப் பாதி போதுமானதாக இருந்தது. அதற்கப்புறம் யாரும் கூலிக்காகக் காத்திருக்கவில்லை.

இப்படியே பதினோரு செக்கு ஆயிற்று. நாற்பத்து நான்காம் வருஷம் ஆனி மாதம் பன்னிரண்டாவது செக்கு வந்தது. அது சேலத்துக்காரருடையது அல்ல.

காக்கிச் சட்டையும் தொப்பியுமாக ஒருவர் லாரியில் வந்து இறங்கினார். பட்டாளத்துக்குக் கரி வாங்குகிற காண்டிராக்டர் என்றார். மூட்டைக்கு மற்றவர்களைவிட நாலணா அதிகம் தருவதாகச் சொன்னார். அந்த மாதம் மூன்று மூட்டம் போட்டிருந்ததால், கம்பெனிக்குப் போக இருநூற்று நாற்பது மூட்டை கையிருப்பு இருந்தது. மாதம்மாள் எதைக் கேட்டாலும் அந்த மனிதர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். அதுவே அவளுக்குக் கொஞ்சம் வித்தியாசமாகப் பட்டது. ஆனால் மொத்தத்துக்கும் சேர்த்து எழுநூற்று எண்பது ரூபாய்க்கு அங்கேயே செக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று திங்கட்கிழமை. பாதியை ஏற்றிக்கொண்டு, மீதியை வியாழக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனார்.

பணம் எப்போது வரும் என்று அவள் தவித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஊரில் பெரியம்மாள் என்பவள் மகள் வீட்டோடு போக முடிவு செய்து, கிணற்றோடு இருந்த ஒரு ஏக்கர் நிலத்தை விற்கப்போவதாகச் சொல்லியிருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் இருநூறு ரூபாய் அச்சாரம் கொடுக்கிறவருக்கு நிலம். காட்டையும் புகையையும் நம்பி எத்தனை நாள்? மண் வேண்டும் என்பது அவள் வெகுநாள் ஆசை. கணக்கில் இருந்த பணமோ அந்த மாதத்து மூன்று மூட்டத்துக்கே செலவாகியிருந்தது.

செவ்வாய்க்கிழமை பாங்குக்குப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். "பாதி இன்னிக்குக் குடுத்துடுங்க சாமி."

அனந்தராவ் செக்கை வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார். "இது பெங்களூர் பாங்கு மேல எழுதினது. மைசூர் சீமை. போய் வர இருபது நாள் ஆகும். இவர் யாரு, எந்த ஊரு?"

"பட்டாளத்துக் காண்டிராக்டருங்க."

"முன்னே பின்னே தெரியுமா?"

"இல்லீங்க."

"அப்ப இதுக்குப் பாதி கெடையாதும்மா. ஒரு ரூபா கூடக் குடுக்க முடியாது. சலுகை சேலத்து செக்குக்கு மட்டும்தான்."

"பதினோரு செக்கு போட்டேனே, ஒண்ணு திரும்புச்சா? எம்மேல நம்பிக்கை இல்லியா?"

"உங்க மேல இருக்கு. செக்கை எழுதினவர் மேலதான் இல்லை. கரி மொத்தமும் போயிடுச்சா?"

"ஒரு லோடு போச்சு. இன்னொண்ணு வியாழக்கிழமை எடுக்கறாங்க. அதுக்கென்னா இப்ப? நான் நெலத்தைப் பத்திக் கேட்டா நீங்க கரியைப் பத்திக் கேக்கறீங்க!"

அவர் மறுபடியும் முடியாது என்றார். மாதம்மாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு வருஷமாகத் தன்னை மனுஷியாக மதித்த ஒரே ஆபீஸ் இது என்று நினைத்திருந்தாள். எழுந்து நின்று, குமாஸ்தா, சேவகன், பணம் போட வந்த இரண்டு பேர் எல்லார் முன்னாலும், "இது பாங்கு இல்ல, கல்லு. உங்களுக்கு ஈரமே கெடையாது" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வீட்டுக்கு வந்து தர்மனிடம் சொன்னபோது அவன், "பொ... பொகை அடங்கறதுக்கு முந்தி மூ... மூட்டத்தைப் பிரிப்பியா நீ?" என்றான். அவனோடும் அன்று அவள் பேசவில்லை.

அவள் படியிறங்கிய பிறகு பாங்கில் நடந்தது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அனந்தராவ் சேவகனைத் தபாலாபீசுக்கு அனுப்பி, பெங்களூர் பாங்குக்குத் தந்தி கொடுத்திருக்கிறார். இன்ன நம்பர் செக்கு, இன்ன தொகை, பாஸாகுமா, உடனே பதில் தேவை என்று. பதிலுக்கும் சேர்த்துக் காசு கட்டியிருக்கிறார். செக்கு தபாலில் நிதானமாகப் போய்க்கொண்டிருக்க, தந்தியின் பதில் புதன்கிழமை மாலையே வந்துவிட்டது. பணம் இல்லை.

வியாழக்கிழமை காலை பஸ், நிற்காத இடத்தில், மாதம்மாளின் கரிக்களத்துக்கு எதிரே வந்து நின்றது. நஞ்சப்பன் குதித்து ஓடிவந்தான். கையில் ஒரு சீட்டு.

"பாங்கு ஏஜெண்டு குடுத்தனுப்பினாரு. காலங்காத்தால பஸ் ஸ்டாண்டுக்கே வந்து எங்கிட்ட குடுத்துட்டுப் போனாருக்கா. படிக்கறேன் கேளு. 'செக்குக்குப் பணம் இல்லை. இரண்டாவது லோடு ஏற்ற வேண்டாம். அனந்தராவ்.' அவ்ளோதான்."

பஸ்ஸில் இருந்தவர்கள் சத்தம் போட, நஞ்சப்பன் ஓடிப்போய் ஏறிக்கொண்டான். மாதம்மாள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே மூட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டாள். போன லோடு போனதுதான். நூற்றிருபது மூட்டை, முன்னூற்றுத் தொண்ணூறு ரூபாய், எட்டுப் பேரின் உழைப்பு. அதை நினைத்து அழக்கூட நேரம் இல்லை. லாரி வந்துகொண்டிருந்தது.

காக்கிச் சட்டைக்காரர் இறங்கி, வழக்கம்போல் சிரித்தார். "ரெடியாம்மா? ஏத்தலாமா?"

"உங்க செக்கு திரும்பிடுச்சுங்க."

"யாரு சொன்னது? திங்கக்கெழமை குடுத்த செக்கு அதுக்குள்ள எப்படித் திரும்பும்? பாங்குக்காரன் ஏதோ ஒளர்றான். டேய், ஏத்துங்கடா."

லாரியில் வந்த இரண்டு ஆட்கள் மூட்டையைத் தூக்கக் குனிந்தார்கள். அப்போது தர்மன் வந்து, அவர்கள் கை வைத்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்தான். வெளியாளிடம் வாயைத் திறக்காத அந்த மனிதன், காக்கிச் சட்டைக்காரரை நேராகப் பார்த்து, எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை என்பதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி முடித்தான்.

"ப... பணத்தை வெச்சுட்டு... மூ... மூட்டையைத் தொடுங்க."

செல்லி வந்து ஒரு மூட்டையில் உட்கார்ந்தாள். குள்ளன் ஒன்றில். மற்ற ஆறு பேரும் ஆளுக்கொன்றில். யாரும் குரலை உயர்த்தவில்லை. விறகு வெட்டுகிற கத்தி எல்லார் இடுப்பிலும் இருந்தது, ஆனால் அதை யாரும் தொடவில்லை.

"நாளைக்கு ரொக்கத்தோட வர்றேன்" என்றார் காக்கிச் சட்டைக்காரர்.

"வாங்க. மூட்டை இங்கதான் இருக்கும்" என்றாள் மாதம்மாள்.

அவர் வரவே இல்லை. போலீஸில் எழுதி வைத்தார்கள். பட்டாளத்தில் அப்படி ஒரு காண்டிராக்டரே இல்லை என்று தெரிந்ததைத் தவிர வேறொன்றும் ஆகவில்லை. மிஞ்சிய நூற்றிருபது மூட்டையை சேலத்து பஸ் கம்பெனி எடுத்துக்கொண்டது. அந்தச் செக்குக்குப் பாதிப் பணம் அன்றே கிடைத்ததால் ஒருவர் கூலியும் நிற்கவில்லை. விட்ட பணத்தை ஈடுகட்டத் தீபாவளி வரை ஆயிற்று. ஆனால் அன்று அவள் கேட்டபடி அனந்தராவ் பாதியைக் கொடுத்து, அவள் அதைப் பெரியம்மாளிடம் அச்சாரமாக வைத்திருந்தால், பாங்குக்குத் திருப்பிக் கொடுக்க இருந்த ஒரே வழி வீட்டை விற்பதுதான். அச்சாரமும் திரும்பி வந்திருக்காது. இரண்டாவது லோடும் பெங்களூர் போயிருக்கும். இதையெல்லாம் அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். எண்ண எண்ண, அந்த மாடியில் தான் சொல்லிவிட்டு வந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அடுத்த வாரம், இருப்பதிலேயே நல்ல கரியாகப் பொறுக்கி ஒரு மூட்டை கட்டி, பஸ்ஸின் மேலே போட்டுக்கொண்டு தர்மபுரி போனாள். மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். அனந்தராவ் வீட்டிலும் அடுப்புக்குத் திண்டாட்டம் என்று சேவகன் சொல்லியிருந்தான்.

"அன்னிக்கு வாய்க்கு வந்தபடி பேசிட்டன் சாமி. மனசுல வெச்சுக்காதீங்க."

"என்ன பேசினீங்க? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையே" என்றார் அவர். "இந்த மூட்டை எவ்வளவு?"

"ஐயோ, இது விக்கறதுக்கு இல்லீங்க. உங்களுக்கு."

"பாங்குக்கு வர்றவங்ககிட்ட நான் சும்மா எதுவும் வாங்கக்கூடாது. மூணு ரூபாய்தானே வெலை? இந்தாங்க."

அவள் எவ்வளவு மறுத்தும் அவர் விடவில்லை. அவளுக்கும் பிடிவாதம் வந்துவிட்டது. "அப்ப தந்திக் காசை நீங்க வாங்கிக்கணும். உங்க சொந்தக் காசைக் கட்டினீங்கன்னு சேவகரு சொன்னாரு."

அவர் யோசித்தார். "சரி, அது நியாயம். ஒரு ரூபா ஆறணா."

ஒருவருக்கொருவர் காசு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். குமாஸ்தா மூட்டையைப் பார்த்தும் இவர்களைப் பார்த்தும் சிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அனந்தராவும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான்.

பெரியம்மாளின் கிணற்று நிலம் வேறொருவருக்குப் போய்விட்டது. அதன் வரப்பில் நடக்கும்போதெல்லாம் மாதம்மாளுக்கு ஒரு பெருமூச்சு வரும். அதை மறைக்க முடியாது. சண்டை முடிந்து பெட்ரோல் திரும்பி வர, பஸ் கம்பெனிகள் பின்னால் கட்டியிருந்த அடுப்புகளைக் கழற்றிப் போட்டன. சேலத்துக்காரரின் கடைசிச் செக்கு நாற்பத்து ஆறாம் வருஷம் வந்தது. அந்தப் பணத்தையும் அதுவரை கணக்கில் சேர்ந்திருந்ததையும் வைத்து, ஊருக்கு வடக்கே கல்லும் கரம்புமாக ஒன்றரை ஏக்கர் வாங்கினார்கள். மலிவான நிலம். தர்மனும் குள்ளனும் ஒரு கோடை முழுவதும் கல் பொறுக்கினார்கள். முதல் வருஷம் ராகி சுமாராக வந்தது. இரண்டாம் வருஷம் நிலக்கடலை நன்றாகக் காய்த்தது.

அந்தக் கடலையை விற்ற பணத்தைப் போடத் தர்மபுரி போன நாளில், அனந்தராவுக்கு மாற்றல் வந்துவிட்டதாகவும் முந்தின வாரமே போய்விட்டதாகவும் குமாஸ்தா சொன்னார். அவருடைய நாற்காலியில் புதியவர் ஒருவர் இருந்தார். மாதம்மாளுக்கு அங்கே நிற்கவே பிடிக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ள முடியவில்லையே என்று இருந்தது.

புதியவர் அவள் பெயரைக் கேட்டார். கேட்டதும் பின்னால் இருந்த பெரிய புத்தகம் ஒன்றை எடுத்துப் பக்கம் புரட்டினார். பாங்கில் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரைப் பற்றியும் ஏஜெண்டு தம் அபிப்பிராயத்தை எழுதி வைக்கும் புத்தகம் அது. வெளியாருக்குக் காட்டக்கூடாது. ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ராவ் உங்களைப் பத்தி ரெண்டு வரி எழுதியிருக்கார். உங்களுக்குப் படிச்சுக் காட்டக்கூடாது. இருந்தாலும் படிக்கறேன்" என்றார். "'மாதம்மாள், கரி வியாபாரம். கைநாட்டு. இன்று பணம் கேட்டு மறுக்கப்பட்டதால் கோபித்துச் சென்றார். கோபம் நியாயமானது. தன் ஆட்களின் கூலியை ஒரு நாளும் நிறுத்தாதவர். முழுதும் நம்பலாம்.' தேதி நாற்பத்து நாலு ஜூன்."

மாதம்மாள் இன்னொரு தரம் படிக்கச் சொன்னாள். அவர் படித்தார். மூன்றாவது தரம் கேட்க வெட்கமாக இருந்தது.

"அவரு எந்த ஊருக்குப் போனாருங்க?"

"கோயமுத்தூர் பக்கம். விலாசம் எழுதித் தரட்டுமா?"

அவள் தலையாட்டினாள். பணத்தைப் போட்டுவிட்டு, படியிறங்கி, கடைவீதியில் வெற்றிலையும் மிளகாயும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். பாலக்கோட்டில் பஸ் நின்றபோது இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போய், சாலம்மாளைக் கூப்பிட்டு, கோயமுத்தூர் பக்கத்து ஏஜெண்டுக்கு ஒரு கடுதாசி எழுதச் சொன்னாள். என்ன எழுத என்று சாலம்மாள் கேட்டாள்.

"கடலை நல்லா வெளைஞ்சுதுன்னு எழுதுங்க. எல்லாரும் சுகம்னு எழுதுங்க. வூட்டம்மாவுக்கு வறுத்துச் சாப்பிட ஒரு படி கடலை பார்சல்ல அனுப்பறேன், இதுக்குக் காசு அனுப்பக்கூடாதுன்னு கண்டிப்பா எழுதுங்க."